மூச்சின் கணக்கு

உலகில் கணக்கு எழுதுவோர் பலர். நேர்மையான கணக்கு எழுதுவோர் சிலரே. வரவும் செலவும் ஒத்து வந்தால் கணக்குச் சரி என்று கடைக்காரர் கூறுவர். ஆனால் எதை வரவென்று எழுதுவது, எதைச் செலவென்று எழுதுவது, எதை ஏட்டில் ஏற்றாமலே விட்டுவிடுவது என்பவற்றை முடிவு செய்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. உயிருள்ளவற்றைப் பற்றிய கணக்கில் இக்கேள்வி மிகப் பெரிதாகிறது. ஓர் உயிர், பிறர்க்குப் பயன்படும் பொருளை ஆக்குவதற்கன்றித் தன்னைத் தான் காத்துக்கொள்வதற்கென்று செலவிடுவது வீண்செலவா, அன்றா? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுவே. இதற்கு விடை தேடி நாம் சாத்திரங்களிடம் செல்லவில்லை. செடிகொடிகளின் மூச்சை அளந்த விஞ்ஞானிகளிடம் செல்கிறோம்.

மரஞ்செடிகள் மூச்சு விடுகின்றன என்று சொன்னால் இன்று எவரும் வியப்பதில்லை. ஆயினும் அதன் பொருளை உணர்ந்தோர் குறைவு. பினாங்குத் தீவின் சாலைகளில் நிழல் பரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வாசகர்கள் அறிவர். பாயான் பாருவில் இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் வேளையில், அம்மரம் தன் இலைகளை மடக்கிக் கொண்டிருக்கும். அது தூங்குகிறது என்று நாம் பெயரும் வைத்துவிட்டோம். உண்மையில் இலை மடங்குகிறதேயன்றி உயிர் மடங்குவதில்லை. வேர்நுனி முதல் கொழுந்து வரையில், பகலில் சேர்த்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, பிராணவாயுவை உட்கொண்டு, கரியமிலவாயுவை வெளியிட்டு, இரவு முழுவதும் அது உழைத்துக்கொண்டே இருக்கிறது. இதற்கே சுவாசம் என்று பெயர்.

புளியமரத்தடியில் இரவில் படுத்தால் முனி அடிக்கும் என்று நம் பாட்டன்மார் அஞ்சினர். முனியை நம்பாத பேரன்மார் சிலரோ, அதே அச்சத்திற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டி, இரவில் மரம் நச்சுக்காற்றை விடுகிறது, ஆதலாற்றான் முன்னோர் அவ்வாறு கூறினர் என்று வாதிக்கின்றனர். திறந்த வெளியில் நிற்கும் மரம் விடும் கரியமிலவாயு காற்றோடு கலந்து பரவிவிடுகிறது. ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமிலவாயுவை மூச்சாக விடுகிறான். அறையில் வைத்த பூந்தொட்டிச் செடி இரவில் விடுவது அதன் முன் அற்பமானது. தொட்டிச் செடியைக் கண்டு அஞ்சுவோர், ஒரே அறையில் உடன் உறங்கும் உறவினரைக் கண்டன்றோ முதலில் அஞ்சவேண்டும்! பொய்யை விடுவது போலவே, பொய்க்குப் புதிய காரணம் கற்பிக்கும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும்.

இந்த உண்மை ஒரே நாளில் புலப்பட்டதன்று. 1771 ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குவதைக் கண்டார். 1779 இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ், ஒரு கோடைக் காலத்தில் 500 க்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, செடி காற்றைத் தூய்மையாக்குவது வெளிச்சத்தில் மட்டுமே என்றும், அதுவும் பச்சைப் பகுதிகளின் வேலையே என்றும், இருளில் செடியும் விலங்கைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்றும் எழுதினார். 1804 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சசூர், உட்செல்லும் வாயுவையும் வெளிவரும் வாயுவையும் அளந்து எண்களாகவே தந்தார். செடிக்கு இரு தொழில்கள் உண்டென்பது இவற்றால் தெளிவாயிற்று. ஒளியைக் கொண்டு சர்க்கரை ஆக்குவது ஒன்று. ஆக்கியதைச் செலவிட்டு உயிர்வாழ்வது மற்றொன்று. முதலாவதை உலகம் புகழ்ந்தது. அதனால் நமக்குச் சோறு கிடைக்கிறதன்றோ! இரண்டாவதை நெடுங்காலம் ஒரு குறையாகவே கருதியது.

அந்த இரண்டாவது தொழிலை ஆராய்ந்தவருள் நம் இந்தியர் ஒருவரும் இருந்தார் என்பது மகிழத்தக்கது. ஒரிசா நாட்டுக் கட்டாக் பகுதியில் 1891 இல் பிறந்த பிராணகிருஷ்ண பரிஜா என்பவரே அவர். கடல் கடந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பிளாக்மன் என்னும் தாவர நூல் அறிஞரோடு சேர்ந்து, பறித்து வைத்த ஆப்பிள் பழங்களின் மூச்சை அவர் அளந்தார். மண்ணை விட்டு, வேரை விட்டு, இலையை விட்டுப் பிரிந்து தனியே கிடக்கும் பழம் அது. அதனை ஓர் அறையில் வைத்து, அதன்மேல் காற்றைச் செலுத்தி, வெளிவரும் கரியமிலவாயுவைக் காலந்தோறும் கணக்கிட்டனர். அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1928 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தன. பரிஜா தாயகம் திரும்பிக் கட்டாக்கின் ராவென்ஷா கல்லூரியில் பணிபுரிந்தார். 1943 இல் உத்கல் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தரானார். தேசம் அடிமைப்பட்டிருந்த நாளில், வெள்ளையர் நாட்டு ஆய்வுக்கூடத்தில், ஒரு பழத்தின் மூச்சைப் பொறுமையோடு எண்ணிக்கொண்டிருந்த அந்த இந்தியரின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அச்சோதனைகளுள் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. பிராணவாயு சிறிதும் இல்லாத நைட்ரஜன் வாயுவில் பழத்தை வைத்தனர். எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அஃதில்லையேல் தீ அணையும். பழத்தின் மூச்சும் அவ்வாறே தணியும் என்றன்றோ நாம் நினைப்போம்? நிகழ்ந்ததோ வேறு. கரியமிலவாயு முன்னிலும் மிகுதியாக வெளிவந்தது. காற்று இருக்கும்போது பழம் சிக்கனமாகவும், இல்லாதபோது ஊதாரியாகவும் நடந்துகொண்டது! சுவாசம் விறகு எரிவது போன்ற வெறும் அழிவு அன்று, உடைத்த பொருளின் ஒரு பகுதியை உயிர் மீண்டும் தன் உடலாகக் கட்டிக்கொள்கிறது என்று பிளாக்மன் கருதினார். அவர் கூறிய விளக்கத்தை இன்றைய நூல்கள் அவ்வாறே ஏற்பதில்லை. ஆயினும் அதன் உட்கருத்துப் பொய்க்கவில்லை. கிரெப்ஸ் 1937 இல் கண்டறிந்த வட்டப் பாதை விலங்குகளிலும் செடிகளிலும் ஒருங்கே நடைபெறுகிறது. சர்க்கரை அவ்வழியே உடையும்போது ஆற்றல் கிடைப்பதுமட்டுமன்றி, புரதம் கட்டுவதற்குரிய உறுப்புகளும் அங்கிருந்தே கிடைக்கின்றன. ஆகவே சுவாசம் அடுப்பாகவும் இருக்கிறது, கொல்லுப்பட்டறையாகவும் இருக்கிறது.

இனி அளவைப் பார்ப்போம். ஒரு செடி பகலில் ஆக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதியைத் தன் சுவாசத்திலேயே செலவிடுகிறது. வெப்பமிக்க காடுகளில் இப்பங்கு பாதிக்கும் மேலாகும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காவதே அதற்கு ஒரு காரணம். இச்செலவு எதற்காக என்பதை 1970 இல் மெக்ரீ என்பவர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பகுதி புது இலை, புது வேர் வளர்ப்பதற்கு. மற்றொரு பகுதி, ஏற்கனவே இருக்கும் உடலைப் பழுதின்றி வைத்திருப்பதற்கு. செடியின் புரதங்கள் நாள்தோறும் சிதைகின்றன, நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. வீட்டுக்கூரையில் ஒழுக்கு அடைப்பதுபோல இது ஓயாத வேலை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நேற்றிருந்த மரமே இன்றும் நிற்கிறது என்பான். அப்படி நேற்றைப்போல் நிற்பதற்கே மரம் இரவெல்லாம் பாடுபட்டது என்பதை அவன் அறியான். மனிதனும் அவ்வாறே. நாள் முழுவதும் ஒரு வேலையும் செய்யாமல் படுத்தே கிடந்தாலும், வளர்ந்த மனிதனுக்கு 1,500 கலோரி அளவில் உணவாற்றல் செலவாகிவிடுகிறது.

அப்படியாயின் இச்செலவைக் குறைத்தால் என்ன என்று வணிகர் கேட்பர். கேட்டும் இருக்கின்றனர். பழத்தைக் குளிர்ந்த அறையில் வைத்து, பிராணவாயுவையும் குறைத்து, அதன் மூச்சைத் தணித்து, மாதக்கணக்கில் வைத்து விற்கின்றனர். நெல்லை உலர்த்திக் கட்டுவதும் இதே நோக்கமுடையது. ஈரநெல்லை மூட்டை கட்டினால் அது மூச்சு விட்டுச் சூடேறிக் கெடும் என்பது உழவர் அறிந்ததே. இவற்றில் குற்றமில்லை. ஆனால் இவை பறித்த பொருளுக்கும் உறங்கும் விதைக்கும் உரியவை. வளரும் பயிரைக் குளிரறையில் பூட்டி விளைச்சல் கண்டவர் யார்? வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித்தில் சுவாசம் மெதுவான புல்வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது விளைச்சல் சற்றுக் கூடியதுண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. செடியின் செலவிலும் குறைக்கத்தக்க மிகை சிறிது இருக்கலாம். ஆனால் அந்த மிகை எவ்வளவு என்பதைச் சொன்னது வாங்குவோனின் ஆசையன்று. செடியின் உடலையே அளந்து பெற்ற அளவு. சிறிது குறைத்தவர் உளர்; மூச்சே இல்லாத செடியை ஆக்கியவர் எவருமிலர்.

நிற்க. இவ்வுண்மையைத் தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர் நூலின்றியே அறிவர். பால்மரத்தின் இலையில் ஆன சர்க்கரை பட்டைக்கு இறங்கி, அங்குள்ள பால்குழாய்களில் ரப்பராக மாறுகிறது. ஒரு முறை வெட்டி வடித்த பால், மறுமுறை வெட்டுவதற்குள் மீண்டும் ஊறவேண்டும். அவ்வூறலுக்குச் சர்க்கரையும் வேண்டும், சுவாசம் தரும் ஆற்றலும் வேண்டும். விடியுமுன் பால் வெட்டுவதன் காரணமும் மரத்தின் உடலிலேயே இருக்கிறது. இரவில் இலைத்துளைகள் மூடி, மரம் நீரால் நிறைந்து, பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும். ஆகவேதான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாய்மாரும் தந்தைமாரும் இருளிலே நிரை நிரையாக நடந்தனர்.

1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, பழைய காயத்தையே புதுப்பித்துப் பாலெடுக்கும் முறையை நிலைநாட்டினார். கத்தி ஆழமாகப் பதிந்தால் பட்டை மீண்டும் வளராது. வெட்டுவதில் அளவு மீறினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் நோய் வரும். அம்மரத்திற்கு மருந்து ஓய்வே. 1925 இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதன் வழிவந்தோரும் எத்தனை நாளுக்கொருமுறை வெட்டுவது, எவ்வளவு நீளம் வெட்டுவது, எத்தனை பருமனான மரத்தை வெட்டத் தொடங்குவது என்றெல்லாம் ஆராய்ந்து வரையறுத்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. மரத்தின் மூச்சுக்கு முதலாளியின் ஏட்டில் இடம் கிடைத்தது. மரம் செத்தால் நட்டம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அம்மரத்தில் கத்தி வைத்த கைக்கு அந்த ஏட்டில் என்ன இடம் கிடைத்தது? 1920 களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், தோட்டத்து ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலியாக இருந்தது. 1930 இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழ்நாட்டிற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தொழிலாளியின் உடலுக்கு வேண்டிய உணவு அவ்வாண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதா? அவன் குழந்தைக்குப் பசி குறைந்ததா? குறைந்தது உலகச் சந்தையில் ரப்பரின் விலையே. மரத்திற்கு மரத்தின் உடலைக் கண்டு கணக்கிட்டவர்கள், மனிதனுக்குச் சந்தையைக் கண்டு கணக்கிட்டனர். மரத்திற்குக் கொடுத்த ஓய்வு, முதலீட்டைக் காக்கும் அறிவுடைமை எனப்பட்டது. மனிதன் கேட்ட ஓய்வு சோம்பல் எனப்பட்டது. ஒரே தோட்டத்தில், ஒரே விடியலில், இருவகைக் கணக்கு!

அக்காலம் போயிற்று என்பர். போயிற்று என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. 2013 இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது; தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025 இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தோட்டத்தை விட்டு நகர் வந்த குடும்பங்கள் பல. வயல் சூழ்ந்த கிராமங்களாயிருந்த பாயான் லெப்பாஸ் பகுதியில் 1972 இல் சுதந்திர வாணிக வலயம் அமைந்தது. அதன் அருகே பாயான் பாரு நகரம் எழுந்தது. ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தொடக்கத்தில் அவ்வாலைகளில் நுண்ணிய மின்கருவிகளைப் பொருத்தியவர் பெரும்பாலும் இளம்பெண்களே. எண்கள் உயர்ந்தன, கட்டடங்கள் உயர்ந்தன. ஆனால் நாம் கேட்ட வினா மாறவில்லை. கூலியை வகுக்கும்போது எதைச் செலவென்று எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம்?

எழுதாமல் விட்டவற்றுள் முதலாவது, பெண்ணின் வீட்டு வேலை. தோட்டத்து லயத்தில் விடியற்காலைக்கு முன்னரே எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்களத்தில் போய் நின்றவள் பெண். ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து, உறங்குமுன் துணி துவைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவளும் பெண்ணே. நேற்றிருந்த வீடு இன்றும் அப்படியே இருக்கிறது என்று ஆண்மகன் எண்ணுகிறான். நேற்றைப்போல் வைத்திருப்பதற்கே ஒருத்தி ஓயாது பாடுபடுகிறாள் என்பதை அவன் காண்பதில்லை. ஒரு பண்டமும் புதிதாக அதனால் விளைவதில்லை. ஆகவே அது வேலையே அன்று என்கிறான். குடும்பத்தின் சுவாசம் அதுதான். முதலாளியின் ஏட்டைக் குறைகூறும் நாம், நம் வீட்டு ஏட்டில் அதே பொய்க்கணக்கை எழுதலாமா?

இங்கே இரு தடைகள் எழும். முதலாவது தடை நம் நீதியுரையாளர் எழுப்புவது. மரத்தைப் பார், தன்னை வெட்டுகிறவனுக்கும் நிழல் தருகிறது, கனியைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை, அதுபோலத் தன்னலமின்றி வாழ் என்பர். கேட்க இனிதாயிருக்கிறது. ஆனால் இவ்வுபதேசம் பெரும்பாலும் இல்லாதவன் காதிலேயே ஓதப்படுகிறது. மரம் துறவியன்று. ஆக்கியதில் ஏறக்குறைய பாதியைத் தன் உயிர்க்கென்று எடுத்துக்கொண்ட பின்னரே மீதியை இலையாகவும் மரமாகவும் கனியாகவும் ஆக்குகிறது. தன் பங்கை எடுத்துக்கொள்ளாத மரம் நிழலும் தராது, கனியும் தராது. விறகு தரும், அதுவும் ஒருமுறைதான். ஈகையை நாம் பழிக்கவில்லை. உயிர்க்கு உரியதைப் பறித்துவிட்டு, இழந்தவனைத் தியாகி என்று புகழ்வதையே பழிக்கிறோம். தானே விரும்பிக் கொடுப்பது ஈகை. பிறன் கணக்கெழுதி எடுத்துக்கொள்வதற்கு ஈகை என்று பெயரில்லை.

இரண்டாவது தடை அறிவுடையோர் எழுப்புவது. இயற்கையில் இப்படி நடக்கிறது என்பதனால் மனிதன் இப்படி நடக்கவேண்டும் என்று எவ்வாறு முடிவு கட்டுவது? இயற்கையில் ஒட்டுண்ணியும் உண்டு. மரத்தை நெரிக்கும் கொடியும் உண்டு. அவையும் நமக்கு வழிகாட்டிகளா? இத்தடை நியாயமானது. செடியிடமிருந்து நாம் கட்டளை எதையும் பெறவில்லை. செடி நல்லதுமன்று, தீயதுமன்று. நாம் பெறுவது ஓர் உண்மை மட்டுமே. உயிரைக் காக்கும் செலவு, விளைவுக்கு அப்பாற்பட்ட வீண்செலவன்று; விளைவின் உள்ளேயே அடங்கியது. அறத்தின் கட்டளை மனிதனிடமிருந்துதான் வரவேண்டும். ஆனால் பொய்யான கணக்கின்மேல் எழுப்பிய அறம், அறமாக நில்லாது. தராசு கோணலாயிருக்க, நீதியைப் பற்றிப் பேசிப் பயனென்ன?

ஆதலின் நம் முடிவு இது. உண்பதும், உறங்குவதும், நோயில் படுப்பதும், பிள்ளையை மடியில் வைத்திருப்பதும், மாலையில் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டுவதும், உழைப்பிலிருந்து திருடிய நேரம் அல்ல. உழைப்பை உழைப்பாக நிறுத்தும் மூச்சு. இதைச் சலுகையாகக் கேட்கவேண்டியதில்லை. கணக்கில் விடுபட்ட தொகையாகக் கேட்கவேண்டும். தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பளம் பேசுவோர் இதை நினைவிற் கொள்க. வீட்டில் மனைவியிடமும் தாயிடமும் வேலை வாங்குவோர் அதனினும் மிகுதியாக நினைவிற் கொள்க. பிறர் நம் மூச்சைக் கணக்கில் எழுதவேண்டும் என்று கேட்கும் தகுதி, பிறர் மூச்சை நாம் எழுதிய பின்னரே நமக்கு வரும்.